மோட்டார்காரர் வீட்டுச் சத்தம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லிவைத்தவர்கள், போன் ஆப்பில் அறையை நாள் வாடகைக்கு விட்டுப் பார்த்ததில்லை. இந்த விருந்தாளிகள் இரண்டே நாளில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் எழுதிவைத்துவிட்டுப் போகும் குறைதான் வருஷக்கணக்கில் நம்மோடு குடித்தனம் பண்ணுகிறது.

மோட்டார்காரர் வீட்டில் மகன் வெளியூர் வேலைக்குப் போனதும் மாடி அறை காலியானது. சும்மா கிடப்பானேன் என்று அவனே நாலு படம் எடுத்து ஆப்பில் போட்டுக்கொடுத்தான். அன்றோடு அவன் அம்மாவின் நிம்மதி போனது. ஜன்னல் வழியே தெரியும் மரம் படத்தில் இதைவிட உயரமாக இருந்தது என்று ஒருவர் எழுதினார். வெந்நீர் சுடுகிறது என்று ஒரு பெண் எழுதினாள். இன்னொரு புண்ணியவான் எல்லாம் அருமை என்று ஐந்து ஸ்டார் கொடுத்துவிட்டு, வாசல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினான். எல்லாவற்றையும் அவள்தான் சமாளித்தாள். மோட்டார்காரருக்கு வீட்டு முன்னால் இருந்த பட்டறையும், அங்கே வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்த தண்ணீர் மோட்டார்களும் போதும்.

அப்புறம்தான் ஒருவர் எழுதினார்: ‘ராத்திரி முழுக்கக் கீழே ஏதோ பழைய மோட்டார் ஓடுகிறது. தூங்கவே முடியவில்லை.’

மோட்டார்காரருக்குச் சுருக்கென்றது. அவர் சாதாரண ஆள் இல்லை. ஓடும் சத்தத்தை போனில் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். அவர் காது தப்பாது என்று ஊரே நம்பியது. ஊரைவிட அவர் அதிகமாக நம்பினார். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்க வந்துவிட்டானா என்று குதித்தார்.

“அது மோட்டார் இல்லீங்க,” என்றாள் மனைவி.

“பின்ன?”

“எத்தனையோ தடவை சொல்லியாச்சு. நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்களே.”

“உனக்கு மோட்டாரைப் பத்தி என்ன தெரியும்? சும்மா இரு.”

அவள் சும்மா இருந்தாள். மோட்டாரைப் பற்றித் தெரியாதுதான். மோட்டார்காரரைப் பற்றித் தெரியும்.

அவர் வீட்டு மோட்டாரைக் கழற்றி பேரிங் மாற்றினார். அடியில் ரப்பர் கொடுத்தார். அடுத்த விருந்தாளியும் அதையே எழுதினார். குழாயைத் தோண்டிப் பார்த்தார். அதற்கடுத்தவர் இன்னும் காரமாக எழுதினார். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் அறையை நீக்கிவிடுவோம் என்று ஆப்காரர்கள் எச்சரிக்கை அனுப்பினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர், “உங்க வீட்டு மோட்டாரே உறுமுதாமே!” என்று சிரித்துவிட்டுத் தன் மோட்டாரை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. காதை நம்பித்தானே பிழைப்பு?

திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று ஒரு ராத்திரி முழுக்க டார்ச்சோடு மோட்டார் பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். ஒரு சத்தமும் இல்லை. காலையில் மாடி விருந்தாளி ‘அமைதியான வீடு’ என்று எழுதினார்.

“பாத்தியா? நான் பக்கத்துல இருந்தா அது வாலாட்டாது!” என்று மார்தட்டிவிட்டு, அன்று ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். அன்று மாடியில் தங்கிய விருந்தாளி குறை எழுதியதோடு நிற்கவில்லை.

“இந்த ஆளு சத்தத்தைப் பதிவு பண்ணியே அனுப்பிருக்காருங்க,” என்று மனைவி போனை நீட்டினாள்.

“குடு. இப்ப சொல்றேன் பாரு.” கண்ணை மூடிக் காதருகே வைத்துக்கொண்டார். “ம்… பழைய மோட்டார். பேரிங் போயிருச்சு. நடுநடுவுல காத்து வேற இழுக்குது. பாரு, அப்படியே அடைச்சு நிக்குது, அப்புறம் திணறித் திணறிக் கிளம்புது. எந்த மடையனோ வருஷக்கணக்கா கவனிக்காம ஓட்டிருக்கான். இதெல்லாம் ரிப்பேருக்கு ஆகாது, தூக்கிப் போட…”

பதிவில் ஒரு பெண்குரல் மெல்லக் கேட்டது. “ஏங்க, கொஞ்சம் திரும்பிப் படுங்க.”

மோட்டார் நின்றது.

மாடி ஜன்னலுக்கு நேர் கீழேதான் இவர்கள் படுக்கும் பின்னறையின் ஜன்னல். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் திரும்பக் கிளம்பியது. திரும்ப அதே குரல், அதே பொறுமை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழனிப்பானையில் விழுந்துவிட்டது. அதுகூடப் பெரிதாகப் படவில்லை அவருக்கு. அந்தக் குரலில் தூக்கமே இல்லை என்பதுதான் நெஞ்சைப் பிசைந்தது.

“தினமுமா?” என்றார்.

“பின்ன, என்னிக்காவது ஒரு நாள்னு நினைச்சீங்களா?”

அவருக்கு அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது. போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பதில் எழுது. சத்தம் மோட்டார் இல்ல, வீட்டுக்காரர்தான்னு போடு.”

“நிஜமாவா? ஊரே படிக்குமே.”

“படிக்கட்டும். இனிமே அவர் பட்டறையில படுத்துக்குவார்னும் போடு. நீயாவது நிம்மதியாத் தூங்கு.”

அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பட்டறை வந்ததும் விரல் நின்றது.

“அங்க யாரு உங்களைத் திரும்பிப் படுக்கச் சொல்றது?” என்று கேட்டாள். அந்த வரியை அழித்தாள். வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் முன்னறைக்கு மாறிவிட்டார்கள் என்று எழுதி அனுப்பினாள்.