மஞ்சள் பத்திரிகைக்கு வக்காலத்து

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் மஞ்சள் பத்திரிகை படிக்காதவர்கள் ஏராளம். எங்கள் திருச்சபையில் எல்லோருமே அந்த ரகம்தான். நான் படித்தேன். வாரம் தவறாமல் ஸ்டேஷன் கடையில் வாங்கி, இங்கிலீஷ் பேப்பருக்குள் வைத்து, ஆபீஸ் போகும் மின்சார ரயிலில் நின்றபடியே முடித்துவிடுவேன். பெரிய மனிதர்களின் வண்டவாளத்தை வேறு எவன் எழுதினான்?

சபை வாலிபர் சங்கத்தில் மாதம் ஒரு பட்டிமன்றம் உண்டு. யார் எந்தக் கட்சி பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ‘மஞ்சள் பத்திரிகையால் நன்மையா, தீமையா’ என்று தலைப்பு வந்தபோது எனக்கு விழுந்தது நன்மை. வேறு சமயமென்றால் துள்ளியிருப்பேன். அப்போதுதான் குரோம்பேட்டையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் டீச்சர். ஒரு தடவை பார்த்ததிலேயே எனக்கு மனசு போய்விட்டது. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மகளோடு பட்டிமன்றத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அன்றைக்கு வாசலிலேயே அவரை மடக்கினேன்.

“சார், இது சீட்டுல விழுந்தது. நான் பேசப்போறதுல ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பல.”

“தெரியும் தம்பி, தைரியமா பேசுங்க” என்றார். பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேடையேறி, செங்கல்பட்டில் அரிசி பதுக்கிய மிராசுதாரைப் பத்திரிகை காட்டிக்கொடுத்ததைச் சொன்னேன்.

“செங்கல்பட்டு இல்லப்பா, திண்டிவனம்” என்றார் முன்வரிசையிலிருந்த ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி.

தீமைக் கட்சிக்குப் பேச வந்த சபைப் பொருளாளர் எழுந்து, “அரிசி கெடையாது, சர்க்கரை” என்று திருத்தினார்.

“அடுத்த வாரமே மறுப்பு போட்டாங்களே” என்றார் தலைமையாசிரியர்.

அதற்கப்புறம் என்னை யார் பேசவிட்டார்கள்? ஒரு நடிகையின் விவாகரத்து முன்பக்கத்தில் வந்ததா, நடுப்பக்கத்தில் வந்ததா என்று ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் தகராறு. படிக்காதவர்களின் லட்சணம் இது. எனக்கு எரிச்சல் தலைக்கேறி, தொண்டை கிழிய நன்மைக் கட்சி பேசி வெளுத்துவாங்கினேன். தீமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. ஜெபம் செய்து, டீ குடித்துக் கலைந்தோம்.

மறுநாள் சாயங்காலம் தலைமையாசிரியர் என் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, பிரமாதமா பேசினீங்க. ஆனா பொண்ணு வேணாங்கறா.”

“ஏன் சார்?”

“நம்பாத விஷயத்தையே இவ்ளோ உருக்கமா பேசறவரு, நாளைக்கு என்கிட்ட அன்பா பேசினா அதை எப்படி நம்பறதுன்னு கேக்கறா.”

எனக்கு மானம் போனாலும் போகட்டும், அவள் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

“சார், அவங்ககிட்ட சொல்லுங்க. அத்தனையும் நம்பித்தான் பேசினேன். வாராவாரம் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான்.”

அவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டார்.

“அப்படின்னா, நான் வேணாங்கறேன் தம்பி.”