அணில் அல்லாத பிராணி ஒன்றை ஒப்படைத்தல் தொடர்பாக

விலங்கியலுக்கு நான் ஆற்றிய ஒரே பணி, பத்து வயதில் ஓர் எலியை அணில் என்று சாதித்ததுதான். அதே பிராணியைப் பெரிய பெரிய அறிஞர்களே தப்பான கூட்டத்தில் சேர்த்துவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார்கள் என்று பின்னாளில் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர்கள் தப்பு செய்தபோது அவர்கள் வீட்டில் யாருக்கும் வேலை போகும் நிலை வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். அம்மாவின் தம்பி, என் மாமா, மேலே மலைத் தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தார். கோடை விடுமுறையில் ஒருநாள் தோட்டத்து ஜீப்பில் வந்து, தலையணைக்குப் பஞ்செடுக்க ஒரு சாக்கு இலவங்காய் இறக்கினார். அம்மா கொல்லையில் சாக்கைக் கவிழ்த்தபோது காய்களோடு ஒரு பிராணியும் விழுந்தது. வெயிலில் கண் கூசியதோ என்னவோ, ஓடாமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. அம்மா எலிப்பொறியைத் திறந்து எதிரே வைத்து விளக்குமாற்றால் லேசாகத் தள்ளினாள். அது நடந்தே உள்ளே போனது. பொறிக்கு அத்தனை மரியாதை கொடுத்த எலியை எங்கள் வீட்டில் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொறியில் விழுந்த எலியை என்ன செய்வது என்பதில் எங்கள் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. பொறியோடு வாளித் தண்ணீரில் முக்க வேண்டியதுதான். அம்மா வாளியைக் குழாயடியில் வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். செம்பட்டை முதுகு, வெள்ளை வயிறு. முதுகில் மயிரோடு மயிராகத் தட்டையான முட்கள். வால் தொடங்கும் இடத்தில் மெலிந்திருந்தாலும், நுனியில் பாட்டில் கழுவுகிற பிரஷ் போலப் பொசுபொசுவென்று இருந்தது. இரண்டு முன்னங்கைகளாலும் ஓர் இலவம் விதையைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தது.

“அம்மா, முக்காத! இது அணில். வாலைப் பாரு!”

அம்மா கையை எடுத்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் மணி கேட்டு வளர்ந்தவள் அவள். ராமர் தடவிக்கொடுத்த பிராணியைக் கொன்ற பாவம் தன் வாளிக்கு வரக்கூடாது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

“முதுகுல கோடு எங்கலே?”

காபி குடித்துக்கொண்டிருந்த மாமாதான் கைகொடுத்தார். “ஏக்கா, ராமர் தடவுனது கடக்கரையில கெடந்த அணிலத்தான? மலையில கெடக்கிறதுக்கு எப்படிக் கோடு விழும்?”

இந்த வாதத்தில் அம்மா ஒரு குறையும் காணவில்லை. வாளித் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. அணிலுக்கு ஒரு துண்டு சப்பட்டை மாம்பழம் கிடைத்தது. ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த நிம்மதியில் மாமா ஜீப் ஏறிவிட்டார்.

நிம்மதி சாயங்காலம் வரைதான். மில்லில் வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், சுவருக்கு மேலே எட்டிப்பார்த்தார்.

“மலை அணிலா தாயி? அதுக்குன்னுதான இப்ப வில்லிபுத்தூர்ப் பக்கம் சரணாலயம் அறிவிச்சிருக்காவ? வீட்டுல வச்சிருந்தா உள்ள தூக்கிப் போட்டுருவாவ. சார் வேற கவர்மென்ட்டு உத்தியோகம்.”

சார் என்பது என் அப்பா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். சைக்கிளில் வரும்போது எதிரே போலீஸ்காரரைக் கண்டால், ஒரு தப்பும் செய்யாமலே இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பவர். வீடு வந்து செய்தியைக் கேட்டதும் சட்டையைக் கூடக் கழற்றாமல் கொல்லைக் கதவைச் சாத்தினார்.

“அணில்னு யாரு சொன்னது?”

“அம்புட்டுப் பேரும்தான் சொல்லுதோம்” என்றாள் அம்மா.

“எலின்னு சொல்லு. எலின்னா ஒரு கேஸும் கிடையாது.”

“எலின்னா முக்கணும்ங்க.”

நான் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதேன். அணில் என்றால் அப்பா உள்ளே போவார். எலி என்றால் அது வாளிக்குள் போகும். இந்த இரண்டில் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அணில் பக்கம்தான். சாப்பாட்டையும் தள்ளிவைத்துவிட்டேன்.

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார், பொறியை ஒருமுறை பார்த்தார். பிறகு வெள்ளைத்தாளும் கார்பனும் எடுத்துக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். “பொருள்” என்று எழுதி நிறுத்தியவர், அடுத்த வார்த்தைக்கு மூன்று தாள் கிழித்தார். அணில் என்று எழுதினால் வாக்குமூலம் ஆகிவிடும். எலி என்று எழுதினால் எலியைக் கொண்டுபோய் எதற்கு ஒப்படைக்கிறாய் என்பார்கள். கடைசியில் இப்படி எழுதினார்: ‘அணில் அல்லாததும், எலி என உறுதி செய்யப்படாததுமான பிராணி ஒன்று.’

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். பொறி ஒயர் கூடைக்குள், மேலே துண்டு. கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ என்பது போல இறங்கும் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வனத்துறை அலுவலகத்தில் ஒரு காவலர் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “மலை அணிலு பூனை தண்டி இருக்கும் சார்! இது மொளகு எலி. மொளகு பழுத்தா வந்து தின்னுட்டுப் போவும்.”

“எலிதான?” என்று அப்பாவுக்கு உயிர் வந்தது. “எலியா?” என்று எனக்கு உயிர் போனது.

என் அழுகையைக் கேட்டு உள்ளேயிருந்து அதிகாரி வந்தார். அலமாரியிலிருந்து படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, பொறியையும் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நம்ம வீட்டு எலியில இது சேராது தம்பி. தூங்கெலின்னு ஒரு கூட்டத்துல போட்டிருக்கான். அதுவும் சரியா தப்பான்னு புத்தகம் எழுதுறவங்களுக்குள்ளயே சண்டை. லேசுல கண்ணுல படாது. இன்னைக்கே மேல கொண்டுபோய் விட்டுருவோம், போதுமா?”

போதும் என்று தலையாட்டினேன். அப்பாவின் மனுவைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். “சார், இதுல ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல” என்று நகலில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ சொன்னார். இரண்டையும் அவரே குடித்தார்.

இப்போது அந்தப் பிராணியைத் தூங்கெலிக் கூட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டார்களாம். தனிக் குடும்பம் கொடுத்திருக்கிறார்கள். நெருங்கிய உறவு என்று சொல்லிக்கொள்ளச் சீனா பக்கத்தில்தான் யாரோ இருக்கிறார்களாம்.

இந்தக் கதையை எத்தனையோ கல்யாண வீடுகளில், என் அப்பாவின் பயத்துக்கு உதாரணமாகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார். போன மாதம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாதியில் எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது. பயந்த மனிதருக்கு அன்று எத்தனை சுலபமான வழி இருந்தது! நான் அழுது தூங்கியபிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சாட்சியும் இல்லை, காகிதமும் இல்லை. அதை விட்டுவிட்டு, தன் பெயர், பதவி, அலுவலக முகவரி எல்லாம் தன் கையாலேயே எழுதிக்கொண்டு, எந்த வாசலுக்குப் பயந்தாரோ அந்த வாசலுக்கே போனார்.

பத்து வயதில் எனக்குத் தெரிந்த மனிதர்கள் இரண்டே வகை. பயந்தவர்கள், தைரியசாலிகள். அப்பாவை எதில் சேர்ப்பது என்று நான் அன்று யோசிக்கக்கூட இல்லை.