வார்டு மீட்டிங்கில் ரவிக்கை

பெங்களூரு பொம்மனஹள்ளியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பார்க் இருக்கிறது. மரநிழலும் சிமெண்டு பெஞ்சுகளும் உண்டு. ஆனால் காலை நடைக்காரர்கள் போனதும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். திரும்பத் திறப்பது சாயங்காலம்தான். நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். என் எதிர்வீட்டுக்காரி அபார்ட்மெண்டுகளில் சமையல் வேலை செய்பவள். ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் நடுவில் கிடைக்கும் நேரத்தில், பஸ் ஸ்டாப்பில் வெயிலில் உட்கார்ந்துதான் சோற்று டப்பாவைத் திறப்பாள். அவளைப் போல எங்கள் தெருவில் நிறையப் பேர்.

வார்டு ஆபீசில் மாதாமாதம் ஒரு சனிக்கிழமை மீட்டிங் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம் என்று அறிந்து, ஒருமுறை தனியாகப் போனேன். கூடம் நிறைய நாற்காலிகள். ஆட்களோ இன்ஜினியரையும் என்னையும் சேர்த்தே நாலைந்து பேர்தான். பார்க்கை மத்தியானமும் திறந்து வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க ஒருத்தர் சொன்னா எப்படிம்மா? தேவைப்படறவங்க வந்து கேக்கட்டும். நானும் மேல சொல்றதுக்கு வசதியா இருக்கும்" என்றார்.

வீடு வீடாகப் போனேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள். வருகிறேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரியே சிரித்தாள்.

"போக்கா, அங்கெல்லாம் படிச்சவங்க பேசுவாங்க. நான் போய் இன்னா பேசறது? என் கன்னடத்தைக் கேட்டா சிரிப்பாங்க."

அப்போது வரமகாலட்சுமி பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் பாதிப் பேரின் ரவிக்கைகள் என் வீட்டில்தான் இருந்தன. மீட்டிங் சனிக்கிழமை, பண்டிகை அடுத்த வெள்ளிக்கிழமை. எனக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோருக்கும் போன் செய்தேன்: "ரவிக்கை ரெடி. சனிக்கிழமை வார்டு ஆபீசுக்கு வந்து வாங்கிக்குங்க."

"அங்க எதுக்குக்கா?"

"நான் அங்கதான் இருப்பேன்."

திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வந்துவிட்டார்கள். பெரிய துணிப்பையோடு நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் கூடத்தில் ஒரே பட்டும் ஜரிகையுமாக இருந்தது. ஒருத்தி ரவிக்கையின் கையைப் பிடித்துப் பார்த்து "இறுக்குமே" என்கிறாள். இன்னொருத்தி முதுகு நாடாவில் குஞ்சம் எங்கே என்று சண்டைக்கு நிற்கிறாள். இன்ஜினியர் உள்ளே வந்தவர் திகைத்து நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, துணிக்கடையா?"

"இல்ல சார், பார்க் விஷயமா வந்திருக்காங்க" என்றேன். பின்னாலிருந்து யாரோ என் முதுகில் கிள்ளினார்கள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பன்னி, பன்னி, குத்துக்கொள்ளி" என்று கன்னடத்தில் எல்லோரையும் வரவேற்று உட்காரச் சொல்லி, தானே மின்விசிறியைப் போட்டார். பிறகு யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் எழுந்திருக்கவில்லை, எதிர்வீட்டுக்காரியையே பார்த்தேன். என்னை முறைத்துவிட்டு அவள் எழுந்தாள், புது ரவிக்கையை நெஞ்சோடு அணைத்தபடி.

"சார், நான் அடுகெ கெலசா பண்றவ. நாலு வீட்டுக்குச் சமைக்கிறேன். நான் சாப்பிட ஒரு நெரளு இல்ல சார்" என்று கன்னடத்தில் தொடங்குவதும் தமிழில் முடிப்பதுமாகச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. நெரளு என்றால் நிழல் என்று அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தினமும் பார்க்கில் நடக்கிற ஒரு பெரியவர் ஓரமாக இருந்தார். அவர் எழுந்து, மத்தியானம் திறந்தால் ஜோடி ஜோடியாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள், குப்பை சேரும் என்றார்.

"நாங்க இத்தனை பேரு சுத்தி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா, எந்த ஜோடி சார் உள்ள வரும்?" என்றாள் அவள்.

கூடமே வெடித்துச் சிரித்தது. பெரியவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். குப்பைக்கு ஒரு தொட்டி வைத்துவிட்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். முதலில் ஒரு மாதம் திறந்து பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அந்த மாதம் முடிந்த பிறகும் யாரும் பூட்டவில்லை.

வெளியே வந்ததும் எதிர்வீட்டுக்காரி என் தோளில் ஒரு குத்து விட்டாள். "ஏமாத்திட்டியேக்கா!" என்றாள். வீடு வந்து சேரும் வரை அவள் வாய் ஓயவில்லை. இன்ஜினியர் என்ன சொன்னார், தான் என்ன சொன்னாள் என்று கூடவே இருந்த எனக்கே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அடுத்த மீட்டிங்குக்கு ஒரு அவசரத் தையலால் நான் தாமதமாகப் போனேன். வாசலிலேயே சத்தம் கேட்டது. முதலில் சாக்கடையா, தெருவிளக்கா என்று எங்கள் தெருப் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர் கையை உயர்த்தி, ஒவ்வொருவராகப் பேசுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் சாக்கடைக் கட்சியில் போய் உட்கார்ந்தேன்.