கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்

அந்தப் பள்ளியின் விளையாட்டு வாத்தியாரை எல்லாரும் விசில் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருஷம் அவர் ஒரு விதவையைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவோடு மகளும் அவர் வீட்டுக்கு வந்தாள். அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மைதானத்தில் சார் என்று பழகிய வாய், வீட்டிலும் சார் என்றே கூப்பிட்டது. "சார், தலை பின்னத் தெரியுமா?" அவர் திருத்தவில்லை. எப்படிக் கூப்பிடச் சொல்வதென்று அவருக்கே பிடிபடவில்லை.

பாட்டு டீச்சர் பிரசவத்துக்கு லீவில் போகவும், கிறிஸ்துமஸ் நாடகம் விசில் சார் தலையில் விழுந்தது. அவருக்குக் கதை அரைகுறை. பிள்ளைகளையே கேட்டார். அங்கேதான் வினை.

"முதல்ல ராஜாங்க வருவாங்க சார்."

"போடா, ஆடு மேய்க்கிறவங்கதான் முதல்ல!"

"ராஜா இல்ல, ஞானிங்க."

"நட்சத்திரம் நடக்குமா சார், நிக்குமா?"

ஓட்டப்பந்தயத்துக்குப் போடுவதுபோல சுண்ணாம்புக் கோடு போட்டு ஆளாளுக்கு இடம் காட்டினார். அதற்குள் மாதாவின் புருஷன் யோசேப்பாக நடிக்கும் பையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"சார், நான் குழந்தைக்கு அப்பாவா, இல்லையா?"

விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். "நீ... கழுதையைப் பிடிச்சுக்கோ."

கதை சொல்லும் வேலை மகளுக்கு. ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாடகத்தன்று எல்லாம் தலைகீழ். குழந்தை பிறக்கும் முன்னே ஞானிகள் பரிசோடு வந்துவிட்டார்கள். தேவதை பொம்மைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தர மாட்டேன் என்றாள். யோசேப்பு மிரண்டுபோய் நடுமேடையில் நின்றான். விசில் சார் திரைக் கயிற்றைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றார். அப்போது மகள் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"குழந்தை அவரோடது இல்ல. ஆனா கழுதையைப் பிடிச்சுட்டு அவர்தான் நடந்தார். கதவைப் பூட்டியாச்சான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தார். தலை பின்னத் தெரியாது, கோணலாப் பின்னுவார். பருப்பைத் தீய விட்டுட்டு, நல்லாத்தானே இருக்குன்னு அவரே சாப்பிட்டார்."

கூட்டம் சிரித்தது. போன வாரம் தீய்ந்த பருப்பின் வாடை விசில் சாருக்கு இன்னும் மூக்கிலேயே இருந்தது. மானம் போனதா, வேறேதாவது நடந்ததா என்று புரியாமல் கயிற்றை விட்டுவிட்டார். திரை பாதியில் விழுந்தது.

"இது எந்த வேதாகமத்துல இருக்கு சார்?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"எனக்கும் தெரியல மேடம்."

வீட்டுக்குப் போகும் வழியில் மெல்லக் கேட்டார்: "நீ மேடையில யாரைச் சொன்னே?"

"யோசேப்பைத்தான் சார்." குரலில் துளிக் குறும்பில்லை. அதுதான் அவரை இன்னும் குழப்பியது. சந்தோஷப்படலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது?

சாப்பிட உட்காரும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"அந்த யோசேப்புக்குத் தெரிஞ்சிருக்குமா, தான் சரியாத்தான் பண்றோம்னு?"

"அதை நான் என்னத்தைக் கண்டேன்? போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். அதற்குள் மகள் தன் தட்டை நகர்த்தி, அவருக்கும் பக்கத்தில் இடம் விட்டிருந்தாள். அங்கே உட்காரச் சொல்கிறாளா, தற்செயலா என்று ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, உட்கார்ந்தார்.