தம்பியின் நடை

யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் யாருக்குமே வயிறு சரியாக இருந்ததில்லை. அரிசி அருகிப்போய் வேளாவேளைக்கு மரவள்ளிக்கிழங்குதான். ஆகவே ஐந்து வயதுத் தம்பி காலையில் எழுந்ததும் வாந்தியெடுக்கத் தொடங்கியபோது அம்மா கிழங்கைத்தான் குற்றம் சொன்னாள். கிடைத்த கொஞ்ச அரிசியைக் கஞ்சியாக்கி அவனுக்கு மட்டும் ஊட்டினாள். எனக்கு எட்டு வயது. கஞ்சி மணம் வந்ததும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். அம்மா நம்பியதே இல்லை.

வாந்தி நிற்கவில்லை. அவன் நடையும் மாறிப்போனது. கால்களை அகட்டி வைத்து, சுவரைத் தடவித் தடவி வந்தான். பட்டறையிலிருந்து வரும் அப்பாவை நோக்கி ஓடினால் வேறு பக்கம் போய் விழுவான். கள்ளுக்கடைக்குப் போய் வந்தவன் மாதிரி இருக்கிறான் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அம்மா மட்டும், "நேரா நடடா, வேணும்னே பண்ணாத" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் தலையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுத அழுகையில் அப்பா வேலைக்குப் போகவில்லை. தம்பியைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போக, அம்மாவும் நானும் கூடவே நடந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டர் அவன் கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவனை வெளியே கூட்டிப்போகும்படி என்னிடம் சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல் கேட்டது.

"நான் குடுத்ததுல எதுங்கையா ஒத்துக்காம போச்சு?"

"நீங்க குடுத்தது எதுவும் காரணம் இல்லம்மா."

பின்னே எதனால் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. தலைக்குள் கட்டி, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை, நான் பெரியவளான பிறகு அப்பாதான் சொன்னார். அடுத்த பொங்கலுக்குத் தம்பி இல்லை.

குழந்தை மருத்துவரான என் மகளிடம் இதையெல்லாம் ஒருநாள் சொன்னேன். சிறுமூளைக் கட்டி மாதிரிதான் தெரிகிறது என்றாள். பிறந்த பிறகும் சிறுமூளை வளர்ந்துகொண்டே இருக்குமாம். இளம் உயிரணுக்கள் பெருகிப் பெருகி, ஒரு கட்டத்தில் பெருக்கத்தை நிறுத்தி முதிர்ந்து, நம் நடையைக் கவனிக்கும் வேலையில் இறங்குமாம். சில உயிரணுக்கள் முதிராமலே பெருகிக்கொண்டிருந்தால் அதுவே கட்டி.

"வெளியிலேருந்து வந்ததில்லம்மா. மாமாவ வளர்க்க வேண்டியதுதான், நிறுத்தத் தெரியாம போயிருச்சு. பாட்டி மேல ஒரு தப்பும் இல்ல."

அதைக் கேட்க அம்மா உயிரோடு இல்லை.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அம்மா தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவன் சுவரில் மோதி விழுந்தபோதும் அதட்டவில்லை. தூக்கி நிறுத்திக் கொஞ்சினாள். மறுநாள் அம்மாவின் மூக்குத்தி போன இடத்திலிருந்து ஒரு டின் பால் வந்தது. எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். குவாட்டர்ஸ் வரிசையில் வீடுவீடாக ஓடிப்போய்ச் சொன்னேன்:

"தம்பிக்கு நல்லாயிருச்சு. அம்மா இப்பல்லாம் அவனத் திட்டுறதே இல்ல."