வலது வளைவில் இறங்கிய முள்

பயந்தாங்கொள்ளிகள் பந்தயத் தடத்துக்கு வரக் கூடாது என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் நான் பாப்பிரெட்டிப்பட்டியிலேயே சௌக்கியமாக இருந்திருப்பேன்.

கர்நாடக எல்லை தாண்டி இருக்கும் ஒரு தடத்தில், பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று செல்போனில் அறிவிப்பு வந்தது. என்னிடம் பழைய கார் இருந்தது. ஆனால் அது என்னுடையது இல்லை. பொம்மிடியில் இருக்கும் மாமனாருடையது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. வண்டி எங்கள் வீட்டில் நிற்கும், ஞாயிற்றுக்கிழமையானால் நான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எங்காவது அழைத்துப் போகவேண்டும். அதன் இஞ்சினை இதுவரை பிரித்ததே இல்லை என்பது அவருடைய பெருமை. உதிரிபாகங்கள் வருவது நின்றுபோய்விட்டது என்பது என்னுடைய கவலை. இஞ்சின் போனால், வண்டி நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன்.

“கொண்டு போங்க மாப்ள. போற இஞ்சினு அப்பிடியே திரும்பி வரணுங்க. நீங்க வரதும் வராததும் எம் பொண்ணு பாடு.”

பயம் அன்றைக்கே ஆரம்பித்தது. பழைய இஞ்சின்கள் தடத்தில் எப்படிச் சாகின்றன என்று படித்துத் தொலைத்தேன். இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி இருக்கிறது. அதன் நடுவில் ஒரு குழாய் ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. கல்யாணப் பந்தியில் ரச வாளியோடு ஒருவர் சட்டென்று திரும்பினால் ரசம் ஒரு பக்கமாக ஏறும் அல்லவா, இங்கேயும் அதே கதைதான். வண்டி வேகமாக வளையும்போது ஆயில் ஓரத்தில் ஒதுங்கிவிடும். குழாய் வெறும் காற்றைக் குடிக்கும். அப்படிச் சில நொடிகள் சுற்றினாலே உள்ளே பேரிங் தேய்ந்து, இஞ்சின் டொக் டொக்கென்று கதவு தட்ட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்த பிறகு செய்ய ஒன்றும் இல்லை.

தொட்டிக்குள் தடுப்பு வைத்தால் தப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். தொட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, ஜன்னல் கிரில் செய்யும் பட்டறைக்குப் போனேன். குழாயைச் சுற்றி நாலு தகடு, அதில் உள்பக்கம் மட்டும் திறக்கும் குட்டிக் கதவுகள். ஆயில் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது. பட்டறைக்காரர் என் படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார்.

“வீட்டு கேட்டுங்களா சார்?”

“கேட்டுதாங்க. ஆயிலுக்கு.”

“மயில் டிசைன் ஒண்ணு இருக்குது, போட்ரட்டுங்களா?”

மயில் வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான், அந்தக் குட்டிக் கீல்களில் ஒன்று கழன்று பம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று தோன்றியது. ஒரு பயத்துக்கு மருந்து வாங்கப் போய் இன்னொன்றை வெல்டிங் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

வழக்கத்தைவிட அரை லிட்டர் கூடுதலாக ஆயில் ஊற்றச் சொல்லியும் எழுதியிருந்தார்கள். கூடினால் புகை தள்ளுமே என்று பயந்து ஒரு டம்ளர் மட்டும் ஊற்றினேன். ஆயில் அழுத்தம் காட்டும் முள் மீட்டர் ஒன்றும் பொருத்தினேன். அதன் குழாய் நீளம் போதாமல், மீட்டர் இடதுபக்க சீட்டுக்கு எதிரேதான் வந்து உட்கார்ந்தது. அந்த சீட்டில் என் மனைவி உட்கார்ந்தாள்.

“எங்கப்பா இஞ்சின நான் பாத்துக்கறேன். நீங்க ரோட்டப் பாருங்க.”

ஹெல்மெட் போட்டால் பேச்சு கேட்காது. ஆகவே முள் இறங்கினால் என் தொடையில் ஒரு தட்டு என்று முடிவானது.

சித்தேரி மலைப் பாதையில் ஏறி இறங்கிச் சோதித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில்கூட முள் அசையவில்லை. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மலையில் வளைவு வருவதற்குள் முடிந்துவிடும், ஆயில் ஒதுங்குவதற்குள் திரும்பி வந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

தடத்தில் முதலில் ஒருவர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: “வளைவு நடுவுல ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை வெடுக்குனு எடுக்காதீங்க. வண்டியோட வால் சுத்திடும்.” நான் பயபக்தியோடு தலையாட்டினேன்.

முதல் சுற்று கோயில் தேர் மாதிரி போனேன். இரண்டாவதில் கொஞ்சம் மிதித்தேன். மூன்றாவதில் அந்த வலது வளைவு வந்தது. முடியவே முடியாத வளைவு. வண்டி இடதுபக்கம் சாய்ந்துகொண்டே போகிறது, நானும் வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். அப்போது என் தொடையில் விழுந்தது தட்டு இல்லை. கிள்ளு. விரல்களைத் திருகி, சதையோடு.

காலை எடுத்தால் வால் சுற்றும். எடுக்காவிட்டால் மாமனார் இஞ்சின் காற்றைக் குடிக்கும். இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே காரியம் வாய்விட்டு அலறுவது, அதைச் செய்தேன். பிறகு கிளட்சை மிதித்து, ஸ்டியரிங்கை நேராக விட்டேன். வண்டி தடத்தைவிட்டுப் புல்லுக்குள் இறங்கி, குதித்து, இஞ்சின் அணைந்து, நின்றது.

சத்தமே இல்லை. மனைவி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

“பூஜ்யத்துக்குப் போயிருச்சுங்க.”

“எவ்வளவு நேரம்?”

“கிள்ளுன நேரந்தான்.”

சாவியைத் திருப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. தடத்து ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஓரமாக விட்டார்கள். ஆயில் முதலில் மேலே ஏறட்டும் என்று இக்னிஷன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, இஞ்சின் பற்றாமல் ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். அவள் மீட்டரையே பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். “இன்னும் இல்ல... இன்னும் இல்ல... ஏறுதுங்க!” ஒயரை மாட்டி உயிர்ப்பித்தேன். இருவரும் மூச்சைப் பிடித்துக் காதைத் தீட்டினோம். டொக் இல்லை. கீல் விழுந்த சத்தமும் இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது.

மிச்ச ஆயிலை அப்போதுதான் ஊற்றினேன். அடுத்த சுற்று நிறைந்த ரச வாளியோடு நடப்பது மாதிரி மெதுவாகத்தான் என்று அவளே தீர்ப்பு சொன்னாள். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் அவளே உட்கார்ந்தாள். மீட்டர் எனக்கு. அந்த வளைவில் முள் மெல்ல நடுங்கியபோதுதான் தெரிந்தது, ஓட்டுவதெல்லாம் பயமே இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயம். முள் விழவில்லை. நான் அவளைக் கிள்ளவும் இல்லை. அந்தத் தைரியம் எனக்கு ஏது?

ஞாயிறன்று பொம்மிடியில் மாமனார் பானெட்டைத் திறந்து, காதை நீட்டி வெகுநேரம் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. எங்கியாவது மோதுனீங்களா?”

“புல்லுலகூட ஓட்டுனாருப்பா” என்றாள் மகள். பிறகு மீட்டரைக் காட்டி, முள் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்பதையும் விளக்கிவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சாலையைப் பார்ப்பதில்லை. ஆபரேஷன் செய்த கண் இரண்டும் முள்ளில்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கை தயாராக என் தொடைக்கு மேலே வந்து நிற்கிறது. மாட்டு வண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போகின்றன.