பொட்டு வைத்த பைபர்

புதுப் பொருள் ஒன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்தால் பொட்டு வைக்காமல் விடுவோமா? லொறி, ஓட்டோ, தையல் மெஷின்... எதுவும் தப்பியதில்லை. போன சனிக்கிழமை வாசிகசாலைக்கு பைபர் இன்டர்நெட் வந்தது.

தேயிலை பெக்டரியில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது. அங்கிருந்து மலைச்சரிவில் கேபிள் இழுத்தாயிற்று. கேபிளில் வருவது வெறும் வெளிச்சம்தான். அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெட்டி வேண்டும். பெக்டரிப் பெட்டியை முதல் நாளே மாட்டிவிட்டேன். வாசிகசாலைப் பெட்டிதான் பாக்கி. மாட்டப்போவது — வேறு யார், நான்தான்! நெட்வொர்க் டிப்ளோமா முடித்த திமிர் இன்னும் ஆறவில்லை.

ஆனால் அன்று விளையாட நேரமில்லை. பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருக்கும் கலைச்செல்விக்குப் பதினொரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. கொழும்பில் நெட்வொர்க் உதவியாளர் வேலை. போன் சிக்னல் வேண்டுமென்றால் கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏற வேண்டும். அன்றோ அடைமழை. ஒரு கையில் குடை, ஒரு கையில் போன்... யார் வேலை கொடுப்பார்கள்?

ஒன்பதரைக்குக் கேபிள் நுனியின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பிளேன்டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பெட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு! சிரித்துக்கொண்டே கேபிளைச் சொருகினேன்.

இணைப்பு இல்லை.

ஐ.பி. முகவரியை மாற்றினேன். கேட்வேயை மாற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். ஊஹூம்.

“அக்கா, பத்தே முக்கா!” கலையின் குரல் அழுகைக்கு வந்துவிட்டது.

தோட்டக் கமிட்டித் தலைவர் செல்லையா அண்ணன் வாசலில் நின்று பார்த்தார். “என்னா புள்ள, ரெண்டு வருசம் கண்டியில இதத்தான் படிச்சியா?”

“நான் சரியாத்தாண்ணே போட்டேன்!”

“நானும் சரியாத்தான் செஞ்சேன். நீ டீ குடிக்கப் போனப்ப சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வச்சி...”

“எங்கெங்க வச்சீங்க?”

“பொட்டிக்கு, வயருக்கு, வயரு நுனிக்கு. நல்ல காரியத்துல ஒரு எடம் விடலாமா?”

கேபிளை உருவிப் பார்த்தேன். நுனியில் மஞ்சளாகச் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம். வெளிச்சம் போகிற வழியோ தலைமுடியை விட மெல்லிசு! பெட்டியில் ஒளி வந்தால் எரியும் பச்சை விளக்கு ஒன்று உண்டு. அதை நான் பார்க்கவே இல்லை. படித்தவர்களுக்கு ஒரு வியாதி — கோளாறு கஷ்டமான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஆசை.

ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.

“அழிக்கிறியே, சாமி குத்தம்!”

“குத்தம் என் தலையில இருக்கட்டும்ணே.”

சொருகினேன். பச்சை! மணி பத்து ஐம்பத்தெட்டு.

அரை மணி நேரத்தில் கலை சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். “நெட் வேல செய்யாட்டி மொதல்ல எதப் பார்ப்பீங்கன்னு கேட்டாங்கக்கா. வயர் நுனியத் தொடைப்பேன்னு சொன்னேன். அடுத்த மாசம் வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!”

செல்லையா அண்ணன் மீசையைத் தடவினார். “பார்த்தியா? பொட்டு வச்சது வீண் போகல.”

அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நான் ஃபெயில்!